பனிக்காலத்து அடுப்பங்கரை



கார்த்திகை கழிந்து மார்கழி பிறக்கும்போதே நீலமலையில் குளிர் தன் ஆட்சியைத் தொடங்கிவிடுகிறது. முதலில் நீர்ப்பனி, அதன்பின் உறைபனி. விடியற்காலையில் உதகையின் தாழ்ந்த புல்வெளிகளில் உப்பைத் தூவினாற்போல் வெண்மை படர்ந்து கிடக்கும். தலைக்குந்தா, அவலாஞ்சி போன்ற இடங்களில் வெப்பமானி சில நாட்களில் சுழியத்தைத் தொட்டு அதற்குக் கீழும் இறங்கும். சமவெளியிலிருந்து உலாவ வருவோர் அக்காட்சியைக் கண்டு மகிழ்ந்து, படமெடுத்துக்கொண்டு, இரண்டு நாட்களில் மலையிறங்கிவிடுவர். மார்கழியும் தையும் மாசியின் முற்பகுதியும் இங்கேயே வாழ்ந்து தீரவேண்டிய குடும்பங்களுக்கோ அது காட்சியன்று. நாள்தோறும் எதிர்கொள்ள வேண்டிய உழைப்பு.

உறைபனி விழுந்தால் தேயிலைக் கொழுந்து கருகும். கொழுந்து குறைந்தால் சிறு விவசாயிக்கு வருவாய் குறையும். பறிப்பவருக்கு வேலைநாள் குறையும். ஆக, உடல் மிகுதியான உணவைக் கேட்கும் அதே திங்களில் கைப்பணம் சுருங்கிவிடுகிறது. எனவே இத்திங்கள் நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் அடுப்பங்கரை. ‘குருவானவருக்குச் சமையலில் என்ன வேலை?’ என்று சிலர் நகைக்கக்கூடும். பனிக்காலத்தில் இல்லங்களைச் சந்திக்கச் செல்லும் எவரும் ஒன்றை எளிதில் உணர்வர்: அவ்வீட்டு முதியவரின் உடல்நலம், பொருளீட்டுவோர் மாலையில் நேராக வீடு திரும்புவது, பிள்ளைகளும் பெற்றோரும் ஒருங்கே அமரும் ஒரு மணி நேரம் ஆகிய மூன்றும் அடுப்பின்மேல் கொதிக்கும் ஒரு பானையைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. ஆகவே அந்தப் பானையைப் பற்றிப் பேசுவது வீண்பேச்சன்று.

மலையில் நீர் கொதிக்கும் விதம்

சமவெளியில் வளர்ந்து, திருமணமாகி மலைக்கு வரும் பெண்கள் முதலில் கூறும் குறை ஒன்றுண்டு: “இங்கே பருப்பே வேகமாட்டேன் என்கிறது!” பழி பருப்பின் மீதும் இல்லை, சமைப்பவர் கையின் மீதும் இல்லை. உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்திற்கும் ஏறத்தாழ ஒரு டிகிரி குறைவாகக் கொதிக்கிறது. உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆகவே அங்குத் திறந்த பாத்திரத்தில் கொதிக்கும் நீரின் வெப்பம் 93 டிகிரிக்கு மேல் செல்லாது. தீயை எவ்வளவு கூட்டினாலும் நீர் விரைவில் வற்றுமேயன்றிச் சூடு ஏறாது. விறகும் எரிவாயுவும் வீணாவதே மிச்சம்.

இதற்கு வழிகள் உண்டு. முதலாவது, ஊறவைத்தல். அவரை, மொச்சை, கொள்ளு, கொண்டைக்கடலை ஆகியவற்றை முதல்நாள் இரவே ஊறவைத்தல் வேண்டும். மலையின் குளிர்நீரில் பயறு மெதுவாகவே நீரை உறிஞ்சும். எனவே இளவெந்நீர் ஊற்றி மூடி, அடுப்பின் அருகே வைப்பது நன்று. இரண்டாவது, புளியும் தக்காளியும் பயறு மலர வெந்த பின்னரே சேரவேண்டும். புளிப்பு முந்திச் சேர்ந்தால் பயற்றின் தோல் மென்மையாவது தடைப்படும். மூன்றாவது, விரைந்து வேகும்பொருட்டுச் சோடா உப்பைப் போடும் பழக்கத்தை விட்டுவிடுதல். அது பயற்றிலுள்ள ‘பி’ உயிர்ச்சத்தின் ஒரு பகுதியை அழித்துவிடும்.

நான்காவது, பிரஷர் குக்கர். மூடிய கலத்தில் நீராவியின் அழுத்தம் கூடுவதால் சமவெளியில் உள்ளே 120 டிகிரி வரை சூடு ஏறுகிறது. மலையில் இது சற்றே குறையினும் 115 டிகிரிக்கு மேல் நிற்கும். எனவே மலைவாழ் குடும்பத்திற்குக் குக்கர் ஆடம்பரமன்று, இன்றியமையாத கருவி. ஆயினும் அதிலும் நேரத்தைச் சிறிது நீட்டவேண்டும். சமவெளியில் 10 நிமிடம் வேகும் பொருளுக்கு உதகையில் 12 அல்லது 13 நிமிடம் ஆகும். ரப்பர் வளையத்தையும் பாதுகாப்பு வால்வையும் அவ்வப்போது பார்த்து மாற்றிவிடுக.

இட்லிமாவு குளிரில் புளிப்பதில்லை என்பது மற்றொரு முறையீடு. மாவைப் பொங்கச் செய்யும் நுண்ணுயிர்கள் கதகதப்பையே விரும்புவன. மாவுப் பாத்திரத்தைப் பழைய கம்பளியால் சுற்றி, அடுப்பு அணைந்தபின் மேடையருகே வைத்தால் ஓரளவு பயன்தரும். அதனினும் நல்லது, குளிர்காலத்தில் இட்லியை வற்புறுத்தாது, இம்மலைக்கு இயல்பான உணவுகளுக்குத் திரும்புவது. மலையின் பழங்குடியினரும் பழங்குடிகளோடு நெடுங்காலம் வாழ்ந்த மக்களும் கேழ்வரகு, சாமை, அவரை, கீரை ஆகியவற்றைக் கொண்டே குளிரை எதிர்கொண்டனர். புளிக்கவைக்கத் தேவையில்லாத, மாவாக்கினால் விரைவில் வேகும் தானியங்கள் அவை என்பது கருதத்தக்கது.

களியும் அவரைக் குழம்பும்

படுகர் இல்லங்களில் கேழ்வரகுக் களியை ‘ஹிட்டு’ என்பர். அவரைக் குழம்போடு அதனை உண்டு வயலுக்குச் சென்றோர் நண்பகல் வரை பசி அறியார். நம் வீடுகளில் களி என்றதும் முகம் சுளிக்கும் பிள்ளைகள் உண்டு. பெரும்பாலும் அது களியின் குற்றமன்று; கட்டிதட்டிய களியின் குற்றமே.

செய்முறை எளிது. ஒரு தம்ளர் கேழ்வரகு மாவுக்கு இரண்டு தம்ளர் நீர். மாவில் ஒரு கரண்டியை மட்டும் எடுத்துக் குளிர்நீரில் கரைத்து, உப்பிட்ட நீரில் ஊற்றிக் கொதிக்கவிடுக. நன்கு தளதளவென்று கொதிக்கும்போது மீதி மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, கிளறாமல், தீயைக் குறைத்து ஐந்து நிமிடம் மூடிவைக்கவேண்டும். மாவு உள்ளே வெந்த பின்னரே மரத்துடுப்பால் ஒரே பக்கமாக அழுத்திக் கிண்டவேண்டும். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் இறக்கி, கையை நனைத்து உருட்டிச் சூட்டோடு பரிமாறுக. தொடக்கத்திலேயே கிளறுவோர்க்குத்தான் கட்டி விழும்.

குழம்புக்கு, இரவே ஊறிய அவரைப் பயற்றைக் குக்கரில் வேகவைத்து, அதனோடு பெரிய துண்டங்களாக நறுக்கிய உருளைக்கிழங்கைச் சேர்த்துக் கொள்க. வறுத்த மல்லி, சீரகம், மிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம் இவற்றை அரைத்து ஊற்றிக் கொதித்தபின், இறுதியில் சிறிது புளி. எண்ணெய் ஒரு கரண்டி போதும். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. வளரும் பிள்ளைக்கும் எலும்பு தேயும் பாட்டிக்கும் ஒரே பானையில் மருந்து கிடைக்கிறது. தமிழக அரசு 2023-ஆம் ஆண்டு மே திங்களில் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகை நியாயவிலைக் கடைகளில் வழங்கத் தொடங்கியபோது, அதை வாங்கிக் கோழிக்குப் போட்டோரையும் நாம் அறிவோம். கோழிகள் நலமாயிருந்தன! பிள்ளைகளையும் அவ்வாறே காணலாகாதா?

ஒரு கொள்ளு, இரண்டு கறி

மலையடிவாரத்துக் கொங்குநாட்டார் கொள்ளைப் போற்றுபவர். 100 கிராம் கொள்ளில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உண்டு. விலையோ பருப்பினும் குறைவு. கொள்ளை இலேசாக வறுத்து, இரவு ஊறவைத்து, நிறைய நீர்விட்டுக் குக்கரில் வேகவைக்கவும். நீரை வடித்துத் தனியே வைக்கவும். அந்நீரில் புளிக்கரைசல், தட்டிய மிளகு, சீரகம், பூண்டு, கறிவேப்பிலை சேர்த்து நுரை கட்டும்வரை சூடாக்கினால் கொள்ளு ரசம். வெந்த கொள்ளோடு வதக்கிய சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், பூண்டு, உப்புச் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்தால் கொள்ளுப் பருப்பு. சூடான சோற்றில் அதனைப் பிசைந்து, ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு உண்டு, ரசத்தைக் கிண்ணத்தில் வாங்கிக் குடித்தால் எலும்பினுள் ஏறிய குளிரும் இறங்கும். ஒரு வேளை விறகில் இரண்டு கறி.

கடல் கடந்து வந்த ரொட்டி

1964-ஆம் ஆண்டின் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய மக்கள் பலர் இம்மலையிலேயே குடியமர்ந்தனர். அவர்களுக்கு வேலை தரும்பொருட்டு 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் அவர்கள் இல்லங்கள் நிறைய உண்டு. இலங்கையின் குளிர்மலைகளில் லயன் வீட்டு அடுப்பில் அவர்கள் சுட்ட ரொட்டியும் அவர்களோடு வந்தது. வேறெந்த உடைமையைக் கொணர முடியாதவர்களும் அதனைக் கொணர்ந்தனர்.

கோதுமை மாவுடன் துருவிய தேங்காய், உப்பு சேர்த்து, வெந்நீர் தெளித்துப் பிசைந்து, உள்ளங்கையால் தடிப்பாகத் தட்டி, எண்ணெயில்லாக் கல்லில் மெல்லிய தீயில் இருபுறமும் சுடவேண்டும். தொட்டுக்கொள்ளச் சம்பல்: காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு இவற்றை இடித்து, தேங்காய்த்துருவல் சேர்த்து, எலுமிச்சை பிழிந்தது. குளிர்காலையில் மலைக்குப் புறப்படுவோர் இதனைத் துணியில் சுற்றி எடுத்துச் சென்றால் பத்து மணிக்கும் பதமாயிருக்கும். சோற்றை ஆறிய கட்டியாக உண்பதினும் இது மேல். மைதாவினும் முழுக்கோதுமை மாவே உடலுக்கு ஏற்றது என்பதை மட்டும் நினைவிற்கொள்க.

ஒரே பானைச் சாதம்

வேலை முடித்து இருட்டில் வீடு திரும்பும் தாய்க்கு மூன்று அடுப்பு மூட்ட நேரமில்லை. அவருக்கென்றே அமைந்தது கொங்குநாட்டு அரிசியும் பருப்பும் சாதம். ஒரு தம்ளர் அரிசிக்குக் கால் தம்ளருக்குச் சற்று மிகுந்த துவரம்பருப்பு. குக்கரில் சிறிது எண்ணெய்விட்டுக் கடுகு, சீரகம், மிளகு தாளித்து, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, கழுவிய அரிசியும் பருப்பும் சேர்த்து, நான்கு தம்ளர் நீர்விட்டு மூடினால் முடிந்தது. கேரட், பட்டாணி, பீன்ஸ், நூல்கோல் என்று சந்தையில் மலிந்தது எதுவோ அதனையும் உடன் போடலாம்.

காய்கறிக்கு இம்மலையில் குறைவில்லை. கோவை மாவட்ட ஆட்சியராயிருந்த ஜான் சல்லிவன் 1820-களில் உதகையில் உருளைக்கிழங்கு முதலிய ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிடச் செய்தார். அவை நம் மண்ணின் பொருளாகவே மாறிவிட்டன. உதகையை அடுத்த முத்தோரையில் 1957 முதல் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமே இயங்கி வருகிறது. எனினும், மலையில் விளைந்த கேரட்டை லாரியில் ஏற்றிவிட்டு, நம் பிள்ளைகளுக்குப் பாக்கெட்டில் அடைத்த நொறுக்குத்தீனியை வாங்கித் தருகிறோமே, இது எவ்வகை வாணிபம்?

முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் நொய்யரிசிக் கஞ்சி உகந்தது. நொய், பாசிப்பருப்பு, சிறிது வெந்தயம், நான்கு பல் பூண்டு, இவை குழைய வெந்தபின் கொஞ்சம் பால் அல்லது தேங்காய்ப்பால். முதியவர்க்கு இரவு உணவு ஏழு மணிக்குள் தரப்படல் நலம். குளிரில் தாகம் தோன்றாது. ஆயினும் உடலுக்கு நீர் வேண்டும். எனவே வெந்நீரோ, சுக்குமல்லிக் காப்பியோ கேளாமலே கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். ‘கேட்கவில்லை, அதனால் கொடுக்கவில்லை’ என்பது முதியவர் விடயத்தில் சொல்லத்தகாத மறுமொழி.

எரிபொருளைச் சேமிக்கும் பழைய முறை ஒன்றும் உண்டு. கொதித்துக்கொண்டிருக்கும் பானையை இறுக மூடி, வைக்கோல் நிரப்பிய மரப்பெட்டிக்குள் வைத்துப் பழைய கம்பளியால் போர்த்திவிட்டால், உள்ளிருக்கும் சூட்டிலேயே சோறும் பயறும் தொடர்ந்து வேகும். இரண்டு மூன்று மணி நேரத்தில் எடுத்து, மீண்டும் ஒருமுறை கொதிக்கவிட்டு உண்ணலாம். நாள்முழுதும் அப்படியே விட்டுவிடலாகாது. சூடு தணிந்தால் உணவு கெடும்.

இரண்டு ஆபத்துகள்

குளிர்கால அடுப்பைப் பற்றிப் பேசுகையில் எச்சரிக்கை ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நாம் கடமை தவறியவராவோம். சமையல் முடிந்தபின் கணகணக்கும் கரியைச் சட்டியில் அள்ளி, படுக்கையறையில் வைத்து, கதவையும் சன்னலையும் அடைத்து, இடுக்குகளில் துணியையும் திணித்து உறங்குவோர் உளர். இது உயிரைப் பணயம் வைக்கும் செயல். காற்றோட்டமின்றி எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு எழுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. அது குருதியின் சிவப்பணுக்களோடு ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேலான வன்மையோடு பிணைந்துகொள்கிறது. உறங்குபவர் மூச்சுத் திணறலை உணர்ந்து எழுவதுமில்லை, உறக்கத்திலேயே நினைவிழப்பார். மலையூர்களில் இவ்வாறு மாண்டோர் பற்றிய செய்தி பனிக்காலத்தில் செய்தித்தாள்களில் வருவதுண்டு.

ஆகவே கரிச்சட்டியை உறங்கும் அறைக்குள் ஒருபோதும் கொண்டு செல்லாதீர். எரிவாயு அடுப்பையும் அறையைச் சூடாக்கப் பயன்படுத்தாதீர். விறகடுப்பில் சமைக்கும்போது புகைபோக்கியும் ஒரு சன்னலும் திறந்திருக்கட்டும். வீட்டில் பலருக்கு ஒருங்கே தலைவலி, மயக்கம், குமட்டல் தோன்றினால், ‘உணவு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று படுத்துவிடாமல் உடனே அனைவரும் வெளியே வந்து, மருத்துவமனைக்கு விரைக. குளிருக்குக் கூடுதலாக ஒரு கம்பளி போதும். சூடான உணவு உண்ட வயிறே நல்ல கணப்பு.

இரண்டாவது ஆபத்து, ‘குளிருக்கு நல்லது’ என்ற பெயரில் வரும் மது. இதனை நாம் அறநெறியாக மட்டும் சொல்லவில்லை. உடற்கூறு அறிந்தோர் சொல்வதும் இதுவே. மது அருந்தியவுடன் தோலுக்கடியிலுள்ள குருதிக்குழாய்கள் விரிகின்றன. உடலின் உட்புறச் சூடு தோலுக்கு வருகிறது. அதனால் கதகதப்பாகத் தோன்றுகிறது. உண்மையில் அச்சூடு வெளியே பறிபோய்க்கொண்டிருக்கிறது. சற்று நேரத்தில் உடலின் உள்வெப்பம் முன்னினும் தாழ்கிறது. பனிபெய்யும் இரவில் குடித்துவிட்டு வழியில் விழுந்து கிடப்பவர் உயிரிழப்பதற்கு இதுவே காரணம். உடலைச் சூடேற்றும் எண்ணம் மெய்யாக இருந்தால், அதற்குரிய இடம் தெருமுனைக் கடையன்று. வீட்டுக் கொள்ளு ரசம்.

இவ்விடத்தில் ஒரு நேர்மை தேவை. ‘மனைவி நன்றாகச் சமைத்தால் கணவன் குடிக்கமாட்டான்’ என்று சில பெரியோர் அறிவுரை கூறக் கேட்டிருக்கிறோம். அதனை நாம் ஏற்பதில்லை. குடிப்பவனின் குற்றத்தை, பகலெல்லாம் கொழுந்து பறித்து வந்தவளின் அகப்பையில் ஏற்றுவது நீதியன்று. நல்ல உணவு உதவும். ஆயினும் திருந்தவேண்டியவன் குடிப்பவனே.

அடுப்பு யாருடையது?

இதுவரை சொன்னவற்றையெல்லாம் படித்த ஒரு தாய், “எல்லாம் சரி, சாமி, இதனையும் நானே செய்யவேண்டுமா?” என்று கேட்டால் நம்மிடம் மறுமொழி உண்டோ? தேயிலை பறிப்போரில் பெரும்பாலோர் பெண்கள். ஈரச் செடிகளுக்கிடையே நின்று, முதுகில் பாரம் சுமந்து, இருள்வேளையில் வீடு திரும்புகின்றனர். அதன்பின் அவர்கள் விறகு பிளந்து, நீர் சுமந்து, சமைத்து, எல்லார்க்கும் பரிமாறி, இறுதியில் அடிப்பானையில் ஆறிக் கிடப்பதை உண்கின்றனர். சூடான உணவின் சிறப்பைப் பற்றி நாம் எவ்வளவு எழுதினும், அதனைச் சமைத்தவருக்கே அது குளிர்ந்த பின்னர்தான் கிடைக்கிறது.

நாம் பணிபுரிந்த மலைப்பங்கு ஒன்றில் ஒரு குடும்பம். தாய் தோட்டத் தொழிலாளி. தந்தை லாரி ஓட்டுநர். ஒரு தை மாதத்தில் தாய் பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். எட்டாம் வகுப்பில் பயின்ற மகன், திண்ணையில் அமர்ந்து தாய் சொல்லச் சொல்லக் களி கிண்டக் கற்றான். முதல்நாள் களியைத் துடுப்பிலிருந்து பிரிக்கவே இயலவில்லையாம். நான்காம் நாள் பதம் வந்துவிட்டது. ஆறு வாரங்களில் கட்டு அவிழ்ந்தது. ஆனால் மகன் அடுப்பை விடவில்லை. தாய் வேலையிலிருந்து வரும்போது களி உருண்டை தயாராயிருக்கும். அந்த அம்மாள் நம்மிடம் சொன்னது இதுதான்: “கல்யாணமாகிப் பதினாறு வருசத்துல, சாமி, அந்தக் குளிர்லதான் மொதல் தடவையா சூடாச் சாப்பிட்டேன்.” அதைச் சொன்னபோது அவர் சிரித்தார். அருகிலிருந்த அவர் கணவர் சிரிக்கவில்லை. தலை கவிழ்ந்திருந்தார். பின்னர் அவ்வீட்டுக்கு நாம் சென்றபோது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் அவரே.

சமையல் ஆண்மகனுக்கு இழிவு என்று எண்ணுவோர் யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தைப் படித்துப் பார்க்கட்டும். இரவெல்லாம் வலைவீசிக் களைத்துக் கரை திரும்பிய தொழிலாளர்க்கு, விடியற்காலையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து காத்திருந்தவர் யார்? உயிர்த்தெழுந்த ஆண்டவரே அன்றோ? அவருக்கு இழிவாகாத பணி நமக்கு எவ்வாறு இழிவாகும்?

ஆகவே இக்குளிர்காலத்திற்கு ஒரு சிறு ஒழுங்கை ஒவ்வொரு வீடும் வகுத்துக்கொள்ளலாம். இரவு படுக்குமுன் பயறு ஊறவைப்பது பிள்ளைகளின் வேலை. விறகும் நீரும் கொண்டுவருவது ஆடவர் வேலை. மாலையில் முதலில் வீடு திரும்புபவர் யாராயினும் அவரே உலையேற்றுக. வாரத்தில் இரண்டு நாள் களியும் அவரையும், இரண்டு நாள் கொள்ளு, இரண்டு நாள் ஒரே பானைச் சாதம், ஞாயிறன்று வசதிக்கேற்பக் கறியோ முட்டையோ என்று அமைத்துக்கொண்டால் ‘இன்று என்ன சமைப்பது?’ என்ற கவலையும் நீங்கும். செலவும் கட்டுக்குள் நிற்கும். இவற்றிற்கெல்லாம் மேலாக, சமைத்தவர் உட்காரும்வரை ஒருவரும் முதல் கவளத்தை எடுப்பதில்லை என்று உறுதி செய்துகொள்க. சட்டங்களில் இது சிறியது. ஆனால் ஒரு வீட்டின் முகத்தை மாற்றிவிடும்.

ஒரு கரண்டி கூடுதலாக

மலையூர்களில் பிள்ளைகள் வேலைதேடிக் கோவைக்கும் திருப்பூருக்கும் சென்றுவிட, தனித்து வாழும் முதியோர் எண்ணிக்கை பெருகி வருவதை நாம் கண்ணாரக் காண்கிறோம். ‘ஒருத்திக்காக எதற்கு அடுப்பு மூட்டவேண்டும்?’ என்று எண்ணித் தேநீரும் வறுக்கியும் மட்டுமே இரவு உணவாகக் கொண்டு படுத்துவிடும் பாட்டிமார் ஒவ்வொரு தெருவிலும் உளர். அவர்கள் கேட்கமாட்டார்கள், கேட்பதற்கு அவர்களது தன்மானம் இடந்தராது. எனவே நாம்தான் அறிந்து கொடுக்கவேண்டும். நான்கு பேருக்குக் கொதிக்கும் குழம்பில் ஐந்தாவது கரண்டிக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. மூடிபோட்ட ஒரு தூக்குவாளியைப் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்புக. கொடுத்துவிட்டு உடனே திரும்பாமல், அந்தப் பாட்டி உண்டு முடிக்கும்வரை அருகிலிருந்து பேசிவிட்டு வருமாறும் சொல்லுக. உணவு ஒரு வேளைக்குச் சூடு தரும். பேச்சு மறுநாள் வரை தரும்.

பனி எப்படியும் மாசி முடிவதற்குள் விலகிவிடும். கருகிய தேயிலைச் செடி மீண்டும் துளிர்க்கும். அதற்குள் நம் இல்லங்களில் ஒரு மகன் களி கிண்டக் கற்றிருந்தால், ஒரு தாய் சூடாக உண்டிருந்தால், ஒரு முதியவர் தனிமை நீங்கியிருந்தால், இக்குளிர்காலம் நமக்கு நன்மையாகவே கழிந்தது எனலாம். இன்றிரவே அவரையை ஊறவையுங்கள்.